செக்கிழுத்த வ.உ.சி. விடுதலைக்குப் பிறகு என்ன ஆனார்? சிறை வாசலுக்கு வெளியே தொடங்கிய இன்னொரு தண்டனை

வ.உ.சிதம்பரனார் என்றதும் நமக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று கப்பல், இன்னொன்று செக்கு. பள்ளிப் பாடமும் சினிமாவும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் அவர் சிறையை விட்டு வெளியே வந்தபோது வயது 40தான். அதற்குப் பிறகு 24 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்த 24 ஆண்டுகள் எப்படிப் போயின என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது.

சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு மறுவாழ்வு கொடுப்பது பற்றி இன்றைக்கு நிறையப் பேசுகிறோம். அந்தப் பேச்சுக்கு வ.உ.சி.யின் வாழ்க்கையை விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். அவர் குற்றவாளி இல்லை, அரசியல் கைதி. ஆனால் அன்றைய அரசு அவரை ஒரு குற்றவாளியாகத்தான் நடத்தியது, விடுதலைக்குப் பிறகும்.

யார் இந்த வ.உ.சி.?

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், மகனும் வக்கீல். நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டார். 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் பக்கம் நின்று ஜெயிக்கவும் வைத்தார். அடுத்த மாதமே கைது.

1908 ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜதுரோகப் பேச்சுக்கு ஓர் ஆயுள், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு மனநிலை பாதித்துவிட்டது. கைதியின் வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்துதான் தண்டனை அனுபவிக்கிறார்கள் என்பது அன்றும் இப்படித்தான்.

மேல்முறையீட்டில் தண்டனை கடைசியில் 6 ஆண்டாகக் குறைந்தது. கோவை சிறை, பிறகு கண்ணனூர் சிறை. கோவையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். அந்தக் காலத்துச் சிறை வேலைக்குக் கூலி கிடையாது. வெளியே போனால் பிழைக்க உதவும் கைத்தொழிலும் இல்லை. உடம்பை ஒடிப்பதுதான் வேலையின் நோக்கமே. அவர் இழுத்த செக்கை இன்றைக்கும் சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் பார்க்கலாம்.

அதற்கு நடுவிலும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழில் மொழிபெயர்த்தார், நீதிநூல் எழுதினார். இதெல்லாம் சிறை நிர்வாகம் போட்ட திட்டம் இல்லை, அவராகத் தேடிக்கொண்டது.

வெளியே வந்தபோது என்ன இருந்தது?

1912 டிசம்பர் 24-ல் விடுதலை. கோரல் ஆலை நாட்களில் பின்னால் திரண்ட கூட்டம் கண்ணனூர் வாசலில் இல்லை. கப்பல் கம்பெனி அதற்கு முன்பே கலைக்கப்பட்டிருந்தது. கையிருப்பு காலி. எல்லாவற்றையும் விடப் பெரிய அடி, வக்கீல் சன்னது ரத்தாகியிருந்தது.

சன்னது என்றால் வழக்காடும் உரிமம். பழவேற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு இதை வேறு மாதிரி சொன்னால் சட்டெனப் புரியும். அந்த ஏரியில் ‘பாடு’ முறை உண்டு. யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை விடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பசியாவரத்திலோ பக்கத்து ஊரிலோ ஒருவரிடம் நல்ல வலை இருக்கலாம், தொழிலும் தெரிந்திருக்கலாம். பாட்டில் பேர் இல்லையென்றால் அங்கே வலையை இறக்க முடியாது. சன்னது போன வக்கீலின் நிலைமையும் அதேதான். சட்டம் தலைகீழாகத் தெரியும், ஆனால் கோர்ட்டில் வாயைத் திறக்க முடியாது.

மனைவி மீனாட்சியம்மாள், பிள்ளைகளோடு சென்னைக்கு வந்தார். மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தது. அரிசி விற்றார், நெய் விற்றார், மண்ணெண்ணெய்க் கடை வைத்தார். எதுவும் நிலைக்கவில்லை. கப்பல் கம்பெனி நடத்தியவருக்குச் சில்லறை வியாபாரம் கைவரவில்லை என்பதில் ஆச்சரியமும் இல்லை.

இந்த நேரத்தில்தான் காந்தியோடு அவருக்குக் கடிதப் போக்குவரத்து நடந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்காகத் திரட்டிய பணம் காந்தி மூலமாக வர வேண்டியிருந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. பணம் வருமா, எப்போது வரும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, 1916-ல்தான் கைக்கு வந்தது. ஊருக்கே கொடுத்துப் பழகிய ஒருவர் அந்தக் கடிதங்களை என்ன மனநிலையில் எழுதியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

திருப்பம் எங்கே வந்தது?

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வாலஸ் என்ற ஆங்கிலேயரிடமிருந்து. இவர் 1908-ல் திருநெல்வேலியில் அதிகாரியாக இருந்தவர், வ.உ.சி. மீதான வழக்கை நன்றாக அறிந்தவர். அவருடைய முயற்சியால் 1920-களில் சன்னது திரும்பக் கிடைத்தது. வ.உ.சி. அந்த நன்றியை மறக்கவில்லை. தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். எந்த ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தாரோ, அந்த ஆட்சியின் நீதிபதி பெயரில் ஒரு பிள்ளை! அவர் கொள்கையை விட்டுவிட்டார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தொழிலைத் திருப்பிக் கொடுப்பது ஒரு மனிதனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத்தான் இந்தப் பெயர் காட்டுகிறது.

அதன் பிறகு கோவில்பட்டியில் வழக்காடினார், பிறகு மறுபடி தூத்துக்குடி. திருக்குறள், தொல்காப்பியம் என்று பதிப்பு வேலையும் தொடர்ந்தது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறதா?

வ.உ.சி. வெளியே வந்து ஏழெட்டு வருடத்தில், 1919-20-ல் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழு, கைதியைத் திருத்துவதும் சிறையின் வேலை என்று சொன்னது. 1921-ல் விடுதலையான கைதிகளுக்கு உதவும் சங்கம் நம் மாகாணத்தில் உருவானது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. தையல் மெஷின், கறவை மாடு என்று பிழைப்புக்கு வழி செய்து தருகிறது. கைதிகள் செய்யும் வேலைக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சென்னையிலிருந்து ஜி.என்.டி. சாலையில் பழவேற்காடு போகிறவர்கள் புழலைத் தாண்டித்தான் போவார்கள். அங்கே கைதிகள் வேலை செய்யும் பெட்ரோல் பங்க் இருக்கிறது. 2023-ல் பெண் கைதிகளுக்கும் ஒன்று திறந்தார்கள். கூலி கிடைக்கிறது, வேலைப் பழக்கமும் கிடைக்கிறது. சிறைக்கு வெளியே இருக்கும் பங்க் முதலாளி அதே ஆளை வேலைக்கு எடுப்பாரா என்பதுதான் பாக்கியிருக்கும் கேள்வி. பழைய வழக்கு ஒன்று இருந்தாலே பாஸ்போர்ட், அரசு வேலை, வாடகை வீடு என்று எல்லா இடத்திலும் இடிக்கும். வேறு வழியில்லாமல் பழைய கூட்டாளிகளிடமே திரும்புகிறவர்கள் பலருடைய கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வ.உ.சி.க்குச் சன்னது திரும்பியது, ஆனால் இழந்த காலம் திரும்பவில்லை. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் காலமானார். கடைசியாக எழுதிய உயிலில், எந்தெந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்ற கணக்கும் இருந்தது.