வந்த ஊருக்கு ஒளி தந்த திவான்

மைசூரில் சேஷாத்ரி அய்யர் சாலை வழியே நம்மில் பலர் அன்றாடம் வேலைக்குப் போகிறோம். அப்பெயருக்கு உரியவரும் நம்மைப் போல் உத்தியோகத்துக்காக இந்தச் சீமைக்கு வந்த தமிழரே.

பாலக்காட்டில் 1845-ல் பிறந்தவர் அவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். தமையனாரின் ஆதரவில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1868-ல் மைசூர் சமஸ்தானத்தில் நீதித்துறைச் சிரஸ்ததாராகச் சேர்ந்தார். வேலை கிடைத்ததும் புத்தகத்தை மூடி வைக்கவில்லை. உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1874-ல் பி.எல். தேறினார்.

1883-ல் திவான் ரங்காசார்லு மறைந்ததும் அப்பதவி இவரை வந்தடைந்தது. 1876-78 பெரும் பஞ்சத்தால் சமஸ்தானம் கடனில் மூழ்கியிருந்த சமயம் அது. சென்னைக்காரர்களுக்கே பெரிய பதவிகளா என்ற மனக்குறையும் உள்ளூரில் எழுந்தது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அய்யர் தம் வேலையாலேயே அதற்குப் பதில் சொன்னார். பதினெட்டு ஆண்டுகளில் ஏரிகளும் இருப்புப்பாதைகளும் பெருகின.

சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் மின்சாரம் எடுத்து, 92 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு அனுப்பும் திட்டத்தையும் துணிந்து தொடங்கினார். 1902-ல் அங்கு மின்சாரம் பாய்ந்தது. அதைக் காண அவர் இல்லை; 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்.

வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருக்கும் நம் வீட்டு மாணவர்கள் இதை நினைவில் கொள்ளட்டும். குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடுத்த பரீட்சைக்குப் படித்தவர் அவர். வந்த ஊரைத் தன் ஊராக எண்ணி உழைத்தவரும் அவரே.