ஓட்ஸ் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்த மண் டெஸ்ட்: யார் இந்த ஆட்டர்பெர்க்?

புதுச்சேரி சாரத்தில் வீடு கட்டப் போறீங்கன்னு வைத்துக்கொள்வோம். சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எல்.எல்., பி.எல்., பி.ஐ. என மூன்று எண்கள் இருக்கும். பெரும்பாலும் அதைப் படிக்காமலே இன்ஜினீயரிடம் நீட்டிவிடுவோம். அந்த எண்களுக்குக் காரணமானவர் இன்ஜினீயரே இல்லை என்பதுதான் சுவாரஸ்யம்.

ஆல்பர்ட் ஆட்டர்பெர்க், 1846-ல் ஸ்வீடனில் பிறந்த வேதியியலாளர். உப்சாலா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே பாடம் நடத்தினார். 1877-ல் கால்மர் நகரின் வேதியியல், விதைப் பரிசோதனை நிலையத்துக்குத் தலைவராகப் போனார். அங்கே பல வருஷம் ஓட்ஸ் ரகங்களைப் பிரித்து வகைப்படுத்தினார். மண் பக்கம் திரும்பியபோது வயசு 54. நம்ம ஊரில் பென்ஷன் கணக்குப் போடும் வயசு!

முதலில் துகள் அளவை வைத்து மண்ணைப் பிரித்தார். ஆனால் களிமண் விஷயத்தில் அது மட்டும் போதவில்லை. ஒரே களிமண், தண்ணீர் அதிகமானால் தோசை மாவு போல ஓடும்; குறைந்தால் சப்பாத்தி மாவு போல உருட்ட வரும்; இன்னும் குறைந்தால் உதிரும். வில்லியனூர் சுடுமண் கலைஞர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும். ஆட்டர்பெர்க் அதற்கு எண் கொடுத்தார். எவ்வளவு சதவீத ஈரத்தில் மண் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறுகிறது என்ற எல்லைகளை 1911-ல் வெளியிட்டார்.

ஓடத் தொடங்கும் ஈரம் எல்.எல். திரியாக உருட்டும்போது உதிரும் ஈரம் பி.எல்.; இன்றைய விதிப்படி திரியின் தடிமன் 3 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பி.ஐ.

ஒரு சிக்கல் இருந்தது. எல்.எல். பார்க்க, கிண்ணத்தில் ஈர மண்ணை வைத்து, நடுவே கோடு கிழித்து, கோடு மூடும்வரை கையால் தட்ட வேண்டும். ஆளுக்கு ஆள் தட்டும் வேகம் மாறுமே? 1916-ல் ஆட்டர்பெர்க் இறந்துவிட்டார். இதைச் சரிசெய்தவர் ஆர்தர் காசாகிராண்டே. 1932-ல் அவர் வெளியிட்ட முறையில், கைப்பிடி சுற்றினால் பித்தளைக் கிண்ணம் 1 செ.மீ. உயரத்திலிருந்து விழும். 25 தட்டில் கோடு மூடினால் அந்த ஈரம்தான் எல்.எல். நம்ம ஐ.எஸ். 2720 விதியிலும் இந்தக் கருவி இருக்கிறது.

இந்திய வகைப்பாட்டில் எல்.எல். 50-ஐத் தாண்டினால் அதிக நெகிழ்வுள்ள மண். பி.ஐ.யும் எகிறினால் உஷார்: மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, சுவரில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். அஸ்திவார ஆழத்தை இன்ஜினீயரிடம் கேட்டே ஆகணும்.

ரிப்போர்ட்டில் என்.பி. என்று இருந்தால் ஃபெயில்னு பயந்துடாதீங்க. அது மணல் மாதிரியான மண். திரியாக உருட்டவே வராது, அவ்வளவுதான்.