கண் கொடுத்த டாக்டர் வெங்கடசாமி

நம்ம சுவர் இதழில் எப்பவும் பெரிய தலைவர்கள் வரலாறுதான் வரும். இந்த முறை நான் ஒரு கண் டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்றேன்.

நம்ம ஊரிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி தாண்டிப் போனால் எட்டயபுரம். அது பாரதியார் பிறந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். அதன் பக்கத்தில் அயன் வடமலாபுரம் என்ற கரிசல்காட்டுக் கிராமம் இருக்கு. அங்கே 1918 அக்டோபர் 1-ஆம் தேதி ஒரு விவசாயி வீட்டில் கோவிந்தப்பா வெங்கடசாமி பிறந்தார். சின்ன வயசில் சிலேட்டு கூடக் கிடையாது. மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதித்தான் படித்தார்.

அவரோட சொந்தக்காரப் பெண்கள் மூன்று பேர் கர்ப்பமாக இருந்தபோது இறந்து போனாங்க. ஊரில் டாக்டர் இல்லை. அதனால் பிரசவம் பார்க்கிற டாக்டர் ஆகணும் என்று நினைத்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார்.

அப்போதுதான் பெரிய சோதனை வந்தது. முப்பது வயசில் முடக்குவாதம். படுத்த படுக்கை ஆகிட்டார். கை விரல் எல்லாம் வளைந்து போச்சு. பேனா பிடிக்கவே முடியவில்லை. பிரசவ டாக்டர் ஆகிற ஆசை போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருப்பாங்க. இவர் கண் மருத்துவம் படித்தார். வளைந்த விரலாலேயே கத்தியைப் பிடித்துப் பழகினார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார் என்றால் நம்ப முடிகிறதா?

மதுரை அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தபோது ஒரு விஷயத்தைக் கவனித்தார். கிராமத்தில் கண் தெரியாதவங்க பலருக்குக் கண்புரைதான் காரணம். கண்ணுக்குள்ளே இருக்கிற லென்ஸ் பால் மாதிரி மங்கிப் போவதுதான் கண்புரை. அதை எடுத்துவிட்டால் திரும்பப் பார்வை வரும். ஆனால் பஸ் காசு இல்லை, கூட வர ஆள் இல்லை, பயம் வேற. அதனால் யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அவங்க வராவிட்டால் நாம் போவோம் என்று கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தினார். 1973-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1976-இல் 58 வயசில் ஓய்வு பெற்றார். அதே வருஷம் மதுரை அண்ணாநகரில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தம்பி, தங்கை குடும்பமே கூட நின்றது. பணம் பத்தாமல் நகையை அடகு வைத்தாங்க. பணம் இருக்கிறவங்க கொடுக்கிற காசில் இல்லாதவங்களுக்கு இலவச ஆபரேஷன் நடந்தது. அப்போ கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரணும், விலை ரொம்ப அதிகம். 1992-இல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே குறைந்த விலைக்குச் செய்தாங்க. இன்றைக்கு அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, அவங்களையே கண் நர்ஸ் ஆக்கினதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2006 ஜூலை 7-ஆம் தேதி அவர் காலமானார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

இப்போ காரணத்தைச் சொல்றேன். எங்க அம்மாச்சி தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷம் கட்டை அடுக்கினவங்க. விரல் அவ்வளவு வேகம். போன வருஷம் அரிசியில் கல்லை விட்டுட்டாங்க. காபியில் சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டாங்க. நான் கத்தினேன். கவனமே இல்லை என்று திட்டினேன். அவங்க பதில் பேசவில்லை. கண் தெரியலை என்று சொன்னால் நமக்குச் செலவு என்று மறைத்திருக்காங்க. பக்கத்து ஊரில் கண் முகாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நான் தினமும் அதைப் பார்த்துக்கிட்டேதான் பள்ளிக்கூடம் வந்தேன். படிக்கத் தெரிந்த நான் அம்மாச்சிக்குச் சொல்லவில்லை. அந்த முகாம் முடிந்து போச்சு. நாலு மாசம் கழித்து அடுத்த முகாம் வந்தபோதுதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாங்க. என்னைப் பார்த்து இவ்வளவு வளர்ந்துட்டியா என்று கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு.

வளைந்த கையோடு அவர் ஊர் ஊராகப் போனார். நல்லா இருக்கிற கையால் நான் ஒரு நோட்டீசைக் கூடக் கொண்டு போய்க் கொடுக்கவில்லை.

தோழர்களே, தோழிகளே, இன்றைக்கே உங்க தாத்தா பாட்டியை ஒரு கண்ணை மூடச் சொல்லுங்க. மூன்று மீட்டர் தள்ளி நின்று விரலைக் காட்டுங்க. எத்தனை என்று சரியாச் சொல்றாங்களா பாருங்க. அடுத்த கண்ணுக்கும் அதே மாதிரி. தப்பாச் சொன்னால் திட்டாதீங்க, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் பிளஸ் டூ முடித்துக் கண் நர்ஸ் ஆகணும். அதுவரைக்கும் நம்ம தெருவில் நோட்டீஸ் படித்துச் சொல்கிற வேலையை நானே செய்யப் போறேன்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி