நூல் அறுந்தால் நிற்கும் தறி

பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு அண்மையில் சென்றிருந்தேன். பொன்னேரியிலிருந்து என்னை அழைத்துச் சென்றவர் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த மீனவர். அவர் ஓட்டி வந்தது டொயோட்டா குவாலிஸ். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்து, ஐந்தே ஆண்டுகளில் தயாரிப்பு நிறுத்தப்பட்ட வண்டி அது. இருவர் வைத்திருந்து விற்ற பிறகே தம் கைக்கு வந்தது என்றார். உப்புக்காற்றில் அடிப்பாகம் துருவேறியிருந்தது, இருக்கைகள் கிழிந்திருந்தன. ஆனாலும், திறவுகோலைத் திருப்பியதும் இயந்திரம் இயங்கியது.

வண்டியை அவர் மதிப்பிட்ட விதம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. வேகத்தையோ வசதியையோ அவர் பேசவில்லை. முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போன படகின் இயந்திரம் இருட்டில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர் அவர். தரையில் ஓடும் வண்டிக்கும் அதே அளவுகோலையே வைத்திருக்கிறார். பேறுகால வலியில் துடிக்கும் பெண்ணை நள்ளிரவில் பொன்னேரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்போது பாதி வழியில் நிற்காத வண்டியே நல்ல வண்டி என்பது அவர் கணக்கு. இந்த நம்பகத்தன்மையின் வேர் ஒரு தச்சர் மகன் செய்த மரத்தறியில் இருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் வியந்தார். அந்தத் தச்சர் மகனும் ஓர் உப்பங்கழியின் கரையில் பிறந்தவர் என்றதும் வண்டியின் வேகத்தைக் குறைத்து முழுக் கதையையும் கேட்டார்.

ஜப்பானின் ஹமானா ஏரி, பழவேற்காட்டைப் போலவே கடலோடு கலந்த உவர்நீர் ஏரி. ஒரு காலத்தில் நன்னீர் ஏரியாக இருந்த அதன் மணல்திட்டை 1498-ஆம் ஆண்டு நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் உடைத்துக் கடலுக்கு வழி திறந்துவிட்டன. அந்த ஏரியின் மேற்குக் கரையில், இன்றைய கோசாய் நகரத்தின் பகுதியாக உள்ள சிற்றூரில், 1867 பிப்ரவரி 14 அன்று சாகிச்சி டொயோடா பிறந்தார். தந்தை ஏழைத் தச்சர். தாயும் ஊர்ப் பெண்களும் வீட்டில் கைத்தறி நெய்தவர்கள். தொடக்கக் கல்வியோடு படிப்பை முடித்துக்கொண்ட சாகிச்சி, தந்தையிடம் தச்சுத் தொழில் கற்றார்.

தறிக்கும் பழவேற்காட்டுக்கும் உள்ள உறவை நாம் மறந்துவிட்டோம். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுவே. அவர்களை இங்கே ஈர்த்தது பெரிதும் துணி. மலாய் மக்கள் இன்றும் கைலியைப் பழவேற்காட்டின் பெயரால் ‘பெலிகாட்’ என்றே அழைக்கின்றனர். சோழமண்டலக் கரையின் கோடு போட்ட பருத்தித் துணி ஜப்பானுக்கும் சென்றது; அதை அந்நாட்டினர் நம் சாந்தோம் துறையின் பெயரால் குறித்தனர். ஆக, சாகிச்சி பிறப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் தறியில் நெய்த துணி அவருடைய நாட்டை அடைந்திருந்தது.

1885-இல் ஜப்பான் அரசு காப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. புதியன கண்டுபிடிப்பவருக்கு அதன் பலன் உரியது என்ற அந்தச் சட்டம் 18 வயது இளைஞரின் மனத்தில் தீப்பொறியாக விழுந்தது. மூலதனமும் குலப்பெருமையும் இல்லாத ஒருவர் தம் அறிவையே சொத்தாக்க முடியும் என்பது அன்றைய ஜப்பானில் புதிய செய்தி. ஊரார் ஏளனம் செய்ய, தந்தை கவலைப்பட, சாகிச்சி தறியை ஆராயத் தொடங்கினார். 1890-இல் டோக்கியோவில் நடந்த தேசியத் தொழிற்கண்காட்சிக்குச் சென்று, இயந்திரங்களின் முன் நாள்தோறும் நின்று அவை இயங்கும் முறையைக் கவனித்தார்.

அதே ஆண்டில் ஒரு கையால் இயக்கக்கூடிய மரத்தறியை உருவாக்கினார். 1891-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நெசவாளரின் உற்பத்தி 40 முதல் 50 விழுக்காடு வரை உயர்ந்தது. ஆனால், கண்டுபிடிப்பு உடனே வருவாய் ஆகிவிடவில்லை. டோக்கியோவில் அவர் தொடங்கிய சிறிய நெசவுக்கூடத்தை விரைவில் மூட நேர்ந்தது. ஓயாத ஆராய்ச்சியும் வறுமையும் குடும்பத்தைச் சிதைத்தன. 1894-இல் மகன் கீச்சிரோ பிறந்த சிறிது காலத்தில் முதல் மனைவி பிரிந்து சென்றார். குழந்தை தாத்தா, பாட்டியிடம் வளர்ந்தது. சாதனையாளரின் வரலாற்றில் இப்பகுதியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வழக்கம். அந்த விலையைக் கொடுத்தவர்கள் அவ்வாறு கடந்திருக்க முடியாது.

1896-இல் மரமும் இரும்பும் கலந்த விசைத்தறியை அவர் உருவாக்கினார். ஜப்பானியர் ஒருவர் உருவாக்கிய முதல் விசைத்தறி அது. அதன் தனிச்சிறப்பு, ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி தானாகவே நின்றுவிடும் என்பது. அறுந்த நூலோடு ஓடும் தறி, பழுதான துணியை நெய்துகொண்டே போகும். அதைத் தடுக்க ஒவ்வொரு தறியின் முன்னும் ஒருவர் கண்கொட்டாமல் நிற்க வேண்டும். பழுதை உணரும் திறனையும் நிற்கும் திறனையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிட்டார் சாகிச்சி. பிற்காலத்தில் டொயோட்டா உற்பத்தி முறையின் இரு தூண்களில் ஒன்றாக நின்றது இந்தச் சிந்தனைதான்.

1907-இல் முதலீட்டாளர்கள் சேர்ந்து அவர் பெயரில் தறி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். அவருக்கோ சந்தைக்கு அனுப்புமுன் நெடுங்காலம் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலீட்டாளர்களுக்கோ இலாபம் விரைவில் வர வேண்டும். வணிகம் தளர்ந்தபோது பழி அவருடைய ஆராய்ச்சியின் மீது விழுந்தது. 1910-இல் தம் பெயர் தாங்கிய நிறுவனத்திலிருந்தே விலக நேர்ந்தது. மனமுடைந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணமானார். அங்குள்ள தறிகளைப் பார்த்தபோது, தம்முடையவை எவ்விதத்திலும் தாழ்ந்தவையல்ல என்ற தெளிவு பிறந்தது. அமெரிக்கச் சாலைகளில் பெருகிவந்த மோட்டார் வாகனங்களையும் அவர் கண்டார். நாடு திரும்பி 1911-இல் நகோயாவில் சொந்த நெசவாலையைத் தொடங்கினார். துணி விற்று வந்த பணத்தில் தறியை ஆராய்வது என்பது இம்முறை அவர் வகுத்துக்கொண்ட வழி.

1924-இல் அந்த உழைப்பு கனிந்தது. ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொள்ளும் ‘ஜி’ வகைத் தானியங்கித் தறி பிறந்தது. பொறியியல் பட்டதாரியான மகன் கீச்சிரோவின் பங்கும் அதில் உண்டு. 1926-இல் அதைத் தயாரிக்கக் கரியா நகரில் டொயோடா தானியங்கித் தறி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1929-இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரைச் சேர்ந்த புகழ்பெற்ற பிளாட் சகோதரர்கள் நிறுவனம், அத்தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. லங்காஷயரின் ஆலைத்துணி நம் கைத்தறிகளை நலிவித்த கதையைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியவன் நான். அதே லங்காஷயர் ஓர் ஆசியத் தச்சர் மகனிடம் தறியின் உரிமையை விலைக்கு வாங்கியது பொருளாதார வரலாற்றின் முக்கியமான திருப்பம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு பணியாளர் முப்பதுக்கும் மேற்பட்ட தானியங்கித் தறிகளைக் கவனிக்க முடியும் என்றால், முன்பு அத்தறிகளில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி எழவே செய்யும். ஜப்பானின் பஞ்சாலைத் தொழில் கிராமத்து இளம்பெண்களின் நீண்ட நேர உழைப்பின் மீதே எழுந்தது என்பதும் வரலாறு. பழவேற்காட்டில் நான் நடந்த தெருக்களில் தறி ஓசை கேட்கவில்லை. சாகிச்சியின் மேதைமையைப் போற்றும்போது இந்த மௌனத்தையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மை.

1930 அக்டோபர் 30 அன்று, 63-ஆம் வயதில் சாகிச்சி மறைந்தார். டொயோட்டா என்ற பெயரில் ஒரு மகிழுந்து ஓடுவதை அவர் பார்க்கவில்லை. 1933-இல் தறி நிறுவனத்துக்குள் மோட்டார் வாகனப் பிரிவைக் கீச்சிரோ தொடங்கினார். 1936-இல் குடும்பப் பெயரான டொயோடா, ‘டொயோட்டா’ என்ற வணிகப் பெயராயிற்று. ஜப்பானிய எழுத்தில் அதை எட்டுக் கோடுகளில் எழுதிவிடலாம். எட்டு அங்கே நற்குறி. 1937-இல் மோட்டார் நிறுவனம் தனியே உருவாயிற்று.

நம்பகத்தன்மைக்குப் பெயர்போன அந்நிறுவனத்தின் முதல் வண்டிகள் நம்ப முடியாதவையாக இருந்தன என்பது பலர் அறியாத செய்தி. 1935-இல் வெளிவந்த ஜி-1 சரக்குந்து அடிக்கடி பழுதடைந்தது. அறிமுக விழாவுக்காக டோக்கியோவுக்கு ஓட்டிச் சென்ற வண்டியே வழியில் நின்றது. கீச்சிரோ அதை மறைக்கவில்லை. பழுதான வண்டி நின்ற இடத்துக்கே ஆட்களை அனுப்பினார், தாமும் சென்றார். எந்த உறுப்பு ஏன் உடைந்தது என்று கண்டறிந்து, அதைத் திருத்திய பிறகே அடுத்த வண்டிக்குப் போனார். தறியில் தந்தை செய்ததையே மகன் சாலையில் செய்தார். 1950-இல் நிறுவனம் திவாலின் விளிம்புக்கு வந்து, 1,600 பேரை வெளியேற்ற முடிவெடுத்தபோது தொழிலாளர் போராட்டம் வெடித்தது. பொறுப்பேற்றுக் கீச்சிரோ பதவி விலகினார். 1952 மார்ச்சில், 57 வயதில் காலமானார். பின்னாளில் உலகம் வியந்த வெற்றியைத் தந்தையும் காணவில்லை, தனயனும் காணவில்லை.

அந்த வெற்றியின் உட்பொருள் எளிமையானது. டொயோட்டா ஆலையில் பழுதைக் கண்ட கடைநிலைத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். உற்பத்தியை நிறுத்துவது இழப்பு என்பது பழைய கணக்கு. பழுதை அடுத்த கைக்கு அனுப்புவது அதைவிடப் பெரிய இழப்பு என்பது சாகிச்சியின் கணக்கு. பழைய மகிழுந்துச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல வண்டிகள் சந்தையை விட்டே விலகிவிடும் என்று 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் நிறுவினார். 2001-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் அவர். மூன்றாம் கையாகக் குவாலிஸ் வாங்கிய மீனவருக்கு அக்கர்லாஃபைத் தெரியாது. ஆனால், கண்ணுக்குத் தெரியாத குறைகள் குறைவாக இருக்கும் என்ற நற்பெயரை நம்பியே அவர் தம் சேமிப்பைக் கொடுத்தார்.

நற்பெயர் ஒருமுறை ஈட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் சொத்தன்று. 2024 ஜனவரியில், டீசல் இயந்திரங்களின் திறன் சோதனையில் முறைகேடு நடந்தது வெளிப்பட்டது. இந்தியாவிலும் இன்னோவா கிறிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் வண்டிகளின் அனுப்புகை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அந்த இயந்திரங்களைச் செய்தது வேறு எதுவுமன்று, 1926-இல் சாகிச்சி தொடங்கிய அதே நிறுவனம். பழுதைக் கண்டதும் நிற்கும் தறியைச் செய்தவரின் வீட்டிலேயே நூல் அறுந்தும் தறி ஓடியிருக்கிறது. நிறுவனர் படத்துக்கு மாலையிடுவதால் அவருடைய ஒழுக்கம் தானாகத் தொடர்ந்துவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பழவேற்காட்டு மீனவர்களிடமும் நம்பிக்கையின் மீது நிற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ‘பாடு’ என்பது அதன் பெயர். ஏரியில் இறால் பிடிக்கும் நல்ல இடங்களை உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று வளமான இடம் கிடைத்தவருக்கு நாளை வேறிடம். அந்த உரிமை எல்லாருக்கும் விரிந்ததன்று என்ற மனக்குறை ஏரிக்கரையில் உண்டு. எனினும், ஓர் இடத்தையே ஒருவர் சுரண்டித் தீர்க்காமல் அது தடுக்கிறது. எப்போது நிறுத்துவது என்பதை அறிந்த பொருளாதாரம் அது.

ஆனால், ஏரிக்கு வெளியே இருந்து வரும் கேட்டை நிறுத்தப் பாட்டால் இயலாது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. முகத்துவாரம் மணலால் அடைபடும்போது கடல்நீர் வரத்துக் குறைகிறது, மீன்வரத்தும் குறைகிறது. அதைத் திறந்து வைக்க வேண்டும் என்பது குப்பங்களின் நெடுநாள் கோரிக்கை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் கரையை அரிக்கும் என்று அஞ்சி மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றனர். அவர்கள் சொல்வது முழுவதும் சரியா என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். ஆனால், ஊடை நூல் அறுவதை முதலில் உணர்பவர்கள் அந்நீரில் நிற்பவர்களே. அவர்கள் கையில் இழுப்பதற்கு ஒரு கயிறு வேண்டாமா?

நம் திட்டங்களில் தொடங்கி வைப்பதற்கு விழா உண்டு. பழுது கண்டு நிறுத்துவதற்கு வழி இல்லை. நிறுத்தச் சொல்பவர் வளர்ச்சிக்குப் பகைவராகவே பார்க்கப்படுகிறார். சாகிச்சியின் வாழ்க்கை இதற்கு மாறானதைக் காட்டுகிறது. நிற்கத் தெரிந்த தறியே அதிகம் நெய்தது. நின்று திருத்தப்பட்ட வண்டியே நெடுந்தூரம் ஓடியது.

மாலையில் பொன்னேரிக்குத் திரும்பும் வழியில், வண்டியின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய ஓசை ஒன்று வந்தது. எனக்கு அது கேட்கவே இல்லை. மீனவ நண்பர் உடனே ஓரமாக நிறுத்தி, இறங்கிப் பார்த்து, தளர்ந்திருந்த திருகு ஒன்றை முடுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஐந்து நிமிடத் தாமதம்தான். ஒரு வண்டியை இருபதாண்டுகளுக்கு மேல் ஓட வைப்பது அந்த ஐந்து நிமிடம்தான். ஓர் ஏரிக்கும் அதைக் கொடுக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).