இரட்டைக் கொம்பு தந்த இத்தாலிக்காரர்

சதுரகராதி எழுதியவர் யார்னு கேட்டா நாம எல்லாரும் டக்குனு வீரமாமுனிவர்னு சொல்லிடுவோம். ஒரு மார்க் கேள்வி. அந்த ஒரு மார்க்குக்குப் பின்னாடி உள்ள வாழ்க்கையை இந்தச் சுவரிதழில் எழுதுகிறேன்.

அவருடைய இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கப்பலேறி கோவாவுக்கு வந்து, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்போ அவருக்கு முப்பது வயசு இருக்கும். அந்த வயசுல 'அ'னாவில இருந்து தமிழ் படிக்க ஆரம்பிச்சார். சுப்ரதீபக் கவிராயர் அவருக்குத் தமிழ் ஆசிரியர் என்பார்கள். காவி உடுத்தி, நம்ம ஊர்த் துறவி மாதிரியே வாழ்ந்தார். முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிறகுதான் வீரமாமுனிவர் ஆனார். அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில் பல வருடம் இருந்தார்.

அவர் தமிழ் படிக்க வந்தபோது ஒரு சிக்கல் இருந்தது. 'தெருவில் தேரு வருது' என்று நாம் எழுதினால் தெரு வேறு, தேரு வேறு என்று கண்ணாலேயே தெரியும். அந்தக் காலத்து ஓலையில் இரண்டுக்கும் ஒரே கொம்புதான். குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியத்தில் விதி இருக்கிறது. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டார்கள். அதனால் 'எரி' என்று எழுதியிருந்தால் அது நெருப்பா, தண்ணி நிக்கிற ஏரியா என்று படிக்கிறவர்தான் முடிவு செய்யணும். விஷயம் முன்னாடியே தெரிஞ்சவங்களுக்குப் பிரச்சினை இல்லை. புதுசா படிக்கிறவங்க பாடு திண்டாட்டம்.

இந்தத் தொல்லை தமிழுக்கு மட்டும் உள்ளது கிடையாது. அவருடைய தாய்மொழி இத்தாலிக்கும் உண்டு. இத்தாலி மொழிக்கு 21 எழுத்துதான். அதில் உயிரெழுத்து 5, உயிர் ஒலியோ 7. 'பெஸ்கா' என்ற சொல்லில் எகரத்தை வாயை அகலமாகத் திறந்து சொன்னால் பீச் என்கிற பழம். கொஞ்சம் மூடிச் சொன்னால் மீன் பிடிக்கிறது. எழுதும்போது இரண்டும் ஒன்றுதான்.

மலாய் மொழியும் அப்படியே. எங்க சித்தப்பா மலேசியாவுல சாப்பாட்டுக் கடையில வேலை பார்க்கிறாங்க. லீவுல வந்தப்போ அவங்க மலாய் எழுதிப் பழகுற நோட்டைக் காட்டினாங்க. இரண்டு என்பதற்கு மலாயில் 'துவா', இத்தாலியில் 'தூஎ'. காதுக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருந்தாலும் இரண்டு மொழிக்கும் சொந்தம் கிடையாது. ஆனா ஒரு கஷ்டம் மட்டும் ஒண்ணு. ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்து மலாயில் இரண்டு ஒலிக்கு நிற்கிறது. நம்ம 'கடை' மலாய்க்குப் போய் 'கெடாய்' ஆனதில் அது மங்கலான ஒலி. இன்னொரு இடத்தில் நம்ம ஏகாரம் மாதிரி தெளிவான ஒலி. ஒரே மாதிரி எழுதின ஒரு சொல்லுக்கு, மங்கலா சொன்னா போர், தெளிவா சொன்னா பழுப்பு நிறம்! எது எதுன்னு மனப்பாடம்தான் பண்ணணும்னு சித்தப்பா சொன்னாங்க.

வீரமாமுனிவர் மனப்பாடம் பண்ணுங்கன்னு விட்டுடலை. கொம்பின் தலையைச் சுழித்து இரட்டைக் கொம்பு ஆக்கினார். எ என்பதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து ஏ ஆக்கினார். ஒ என்பதைச் சுழித்து ஓ ஆக்கினார். ஓலை கிழியவில்லை, குழப்பமும் தீர்ந்தது. தாய்மொழியிலேயே இந்தக் குறை இருந்ததால்தான் நம்ம எழுத்தில் அது அவர் கண்ணில் சட்டென்று பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

அவர் செய்த மற்ற வேலையும் புதுசா படிக்கிறவங்களை நினைச்சுத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரை நிகண்டுகள் செய்யுளாக இருந்தன, மனப்பாடம் செய்தவருக்கே உதவும். அவர் 1732இல் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு. பரமார்த்த குரு கதையை எளிய உரைநடையில் எழுதினார். குதிரை முட்டைன்னு நம்பிப் பூசணிக்காய் வாங்கின குருவையும் அஞ்சு சீடர்களையும் நினைச்சா இப்பவும் சிரிப்பு வரும். 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியும், தொன்னூல் விளக்கம் என்ற இலக்கண நூலும் அவருடையவை. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார்.

இரட்டைக் கொம்பு சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. எங்க அப்பத்தா பள்ளிக்கூடமே போகாதவங்க. நூறு நாள் வேலையில கைநாட்டு வைக்கக் கூச்சமா இருக்குன்னு போன வருஷம் என்கிட்ட எழுத்துப் படிக்க ஆரம்பிச்சாங்க. இப்போ எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க. பஸ் போர்டுல 'தேவகோட்டை'ன்னு படிச்சு, யாரையும் கேக்காம தானா ஏறிப் போறாங்க. அந்தப் பெயரில் இரண்டு இரட்டைக் கொம்பு இருக்கு. இல்லாட்டி அது 'தெவகொட்டை'! கோட்டையா, கொட்டையான்னு பக்கத்துல நிக்கிறவங்களைத்தான் கேட்கணும்.

வீரமாமுனிவர் 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி மறைந்தார். 1968இல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது சென்னை மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இதைப் படிச்சு முடிச்சதும் உங்க பெயரையும் ஊர்ப் பெயரையும் இரட்டைக் கொம்பு, ஏ, ஓ எதுவும் இல்லாம எழுதிப் பாருங்க. பக்கத்துல இருக்கிறவங்களைப் படிக்கச் சொல்லுங்க. எத்தனை பேர் சரியாப் படிக்கிறாங்கன்னு பார்ப்போம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, இளையாத்தங்குடி