கல்யாணத்துக்குப் பிறகான காதலை எழுதியவர்: யார் இந்த கு.ப.ரா.?

புது எழுத்தாளரை முதல்முறை படிக்கத் தயக்கமா? 400 பக்க நாவல் வேண்டாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடிந்துவிடும் ஒரு காதல் கதை போதும். அதற்குச் சரியான ஆள், கு.ப.ரா. என்ற கு.ப.ராஜகோபாலன்.

யார் இவர்?

1902-ல் கும்பகோணத்தில் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, எழுத்தில் தமிழ். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். நண்பர் ந.பிச்சமூர்த்தியும் இவரும் சேர்ந்தே பேசப்பட்டதால் 'கும்பகோணம் இரட்டையர்' என்ற பெயர் வந்தது. படிப்பு முடிந்ததும் மதுரை மாவட்டம் மேலூர் தாலுகா ஆபீஸில் வேலை. மாதச் சம்பளம், குடும்பம் என்று செட்டில் ஆகிவிட்ட வாழ்க்கை.

எங்கே திரும்பியது?

முப்பது வயதைத் தாண்டியதுமே கண்புரை வந்தது. பார்வை மங்கிப்போய், வேலையை விட வேண்டியதாயிற்று. ஆனாலும் கதையை விடவில்லை. அவர் சொல்லச் சொல்ல, தங்கை சேது அம்மாள் எழுதினார். பிறகு சேது அம்மாளும் எழுத்தாளர் ஆனார்.

சிகிச்சையில் பார்வை திரும்பியது. மறுபடி சம்பள வேலை தேடாமல், எழுதியே பிழைப்பது என்று சென்னைக்குக் கிளம்பினார். 'மணிக்கொடி' கதைகளுக்கு இடம் தந்தது. எழுத்து வருமானமோ குடும்பத்துக்குப் போதவில்லை.

அப்படி என்ன எழுதினார்?

சினிமாக் காதல் கல்யாணத்தோடு முடியும். இவர் கதைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். 'ஆற்றாமை' கதையில், கணவனைப் பிரிந்திருக்கும் ஒரு பெண் பக்கத்து இளம் தம்பதியின் சந்தோஷத்தைப் பார்க்கிறாள். ஒரு இரவு, அவர்களைத் தேடி வந்தவரைக் கதவைத் தட்டச் சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான் சம்பவம். அவள் கெட்டவளா? கதை தீர்ப்புச் சொல்லாது. அவள் தவிப்பை நம்மிடம் விட்டுவிட்டுப் போய்விடும்.

'சிறிது வெளிச்சம்' கதையில், கணவனிடம் அடிபடும் பெண் வீட்டில் குடியிருப்பவனிடம் ஒரு இரவு மனம் திறக்கிறாள். மனைவிக்கும் ஆசை, கோபம், ஏமாற்றம் எல்லாம் உண்டு என்று 80 வருடங்களுக்கு முன்பே எழுதியதுதான் விஷயம். அதையும் சத்தம் போடாமல், பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு எழுதினார்.

முடிவு

பிறகு கும்பகோணம் திரும்பி, துறையூரிலிருந்து வந்த 'கிராம ஊழியன்' பத்திரிகையைக் கவனித்தார். அங்கேயும் நிம்மதி நீடிக்கவில்லை. காலில் ரத்த ஓட்டம் தடைபட்டுத் திசுக்கள் அழுகும் 'காங்ரின்' நோய் தாக்கியது. 1944 ஏப்ரல் 27-ல் காலமானார். வயது 42தான்.

பாதிப்பு மட்டும் நிற்கவில்லை. ஆண்-பெண் உறவை எழுதிய தி.ஜானகிராமனுக்கு இவர்தான் முன்னோடி. இவருடைய புனைபெயர்களில் ஒன்று 'கரிச்சான்'. அந்த மரியாதையில் இன்னொரு எழுத்தாளர் 'கரிச்சான் குஞ்சு' என்றே பெயர் வைத்துக்கொண்டார்.

எங்கே தொடங்கலாம்?

இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகு காப்புரிமை முடிந்துவிடும். அதனால் இவர் கதைகள் பலவற்றை மொபைலிலேயே இலவசமாகப் படிக்கலாம். முதலில் 'கனகாம்பரம்', அடுத்து 'ஆற்றாமை', பிறகு 'விடியுமா?' மூன்றையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று போதும். படித்து முடித்த பிறகுதான் கதை உள்ளே ஓட ஆரம்பிக்கும்.