தீ இருமுறை எரித்த தச்சுப்பட்டறை

விளையாட்டு வினையாகும் என்று பிள்ளைகளை எச்சரிப்பது நம்மவர் வழக்கம். பாடப்புத்தகத்தை மூடிவைத்து விளையாட்டுப் பொருளைக் கையிலெடுக்கும் பிள்ளை காலத்தை வீணாக்குகின்றது என்றே நம்மிற் பலர் கருதுகின்றோம். டென்மார்க் நாட்டுத் தச்சர் ஒருவரின் வாழ்க்கை, இக்கருத்தை மீளச் சிந்திக்க வைக்கின்றது. லெகோ என்ற விளையாட்டுக் கட்டைகளை உலகுக்கு அளித்த நிறுவனத்தின் தாபகர் ஒலே கிர்க் கிறிஸ்டியன்சனே அவர்.

1891 இல் ஜட்லாந்துப் பகுதியின் எளிய குடும்பமொன்றிற் பிறந்த அவர், 1916 இல் பில்லுண்ட் என்ற சிற்றூரில் தச்சுப்பட்டறையொன்றை வாங்கினார். 1924 இல் பசை காய்ச்சும் அடுப்பை மூட்ட முயன்ற அவரது சிறு புதல்வர் இருவரின் கையால் மரச்சீவல்களில் தீப்பற்றியது. பட்டறையும் வீடும் சாம்பராயின. அவர் முன்னையதிலும் பெரிய கட்டடத்தை எழுப்பினார்.

உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது தச்சு வேலை தருவோர் அருகினர். 1932 இல் மர விளையாட்டுப் பொருட்களைச் செய்யத் தொடங்கினார். அதே ஆண்டில் மனைவியையும் இழந்தார். நான்கு ஆண் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் அவர் தோள்களில் வீழ்ந்தது. நன்றாக விளையாடு எனப் பொருள்படும் டெனிஷ் மொழிச் சொற்களிலிருந்தே லெகோ என்ற பெயரை அவர் அமைத்தார்.

அவரது மகன் கொட்பிரட், ஒரு முறை மர வாத்துகளுக்கு மூன்று முறை பூசவேண்டிய மெருகை இரு முறை மட்டும் பூசி அனுப்பிவிட்டு, பணத்தை மிச்சப்படுத்தியதாகப் பெருமை கொண்டார். தந்தையோ அவற்றைப் புகையிரத நிலையத்திலிருந்து மீட்டுவந்து குறைவேலையை இரவோடிரவாக முடிக்குமாறு பணித்தார். வாங்கும் குழந்தைக்குத் தெரியாது என்பதற்காகத் தரத்தைக் குறைக்க அவர் ஒருப்படவில்லை.

1942 இல் இரண்டாம் தீ தொழிற்சாலையை விழுங்கியது. மனம் தளர்ந்தபோதிலும் தொழிலாளரை நினைந்து அவர் மீண்டும் கட்டியெழுப்பினார். 1946 இல் பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரமொன்றை வாங்கினார். 1949 இல் வெளிவந்த முதற் கட்டைகள், இங்கிலாந்தின் ஹிலரி பேஜ் உருவாக்கிய கட்டைகளைத் தழுவியவை என்பதையும் நாம் மறைத்தலாகாது. அவை ஒன்றோடொன்று இறுகப் பற்றவில்லை. உட்புறத்தில் குழாய்களை அமைத்து அக்குறை நீக்கப்பட்டது. அதற்கான ஆக்கவுரிமை விண்ணப்பம் 1958 ஜனவரி 28 இல் பதிவானது. ஆறு வாரங்களின் பின், மார்ச் 11 இல் ஒலே கிர்க் காலமானார்.

அதன் பின் விளைந்தவற்றை அவர் காணவில்லை. 1977 இல் பற்சக்கரங்களும் அச்சுகளும் கட்டைகளோடு சேர்ந்தன. 1998 இல் கணினியால் இயங்கும் தொகுதி வெளிவந்தது. 2018 இல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகளாலும் 2304 சிறு மோட்டார்களாலும் அமைந்த முழு அளவுக் கார், இருவரைச் சுமந்து மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடியது. 2014 இல் கலிபோர்னியப் பாடசாலை மாணவன் ஒருவன், பார்வையற்றோருக்கான பிரெய்ல் எழுத்தை அச்சிடும் பொறியை இக்கட்டைகளாலேயே செய்தான். சந்தையில் ஈராயிரம் டொலர் விலைபோகும் பொறிக்கு ஈடாக அவன் செலவிட்டது ஏறத்தாழ 350 டொலரே.

ஒரு பற்சக்கரம் மற்றதைப் பிசகாது சுழற்றுவதற்கு, ஒவ்வொரு துண்டும் மயிரிழையும் பிசகாது வார்க்கப்பட்டிருத்தல் வேண்டும். வாத்தின் மூன்றாம் பூச்சில் அத்தச்சர் காட்டிய பிடிவாதமே இத்துல்லியத்தின் வேர் என நாம் கருதுகின்றோம்.

பில்லுண்ட் பட்டறையின் சாம்பலிலிருந்து எழுந்தவர் குழந்தைகளின் விளையாட்டைப் பெரியோரின் தொழிலுக்கு நிகராக மதித்தார். அம்மதிப்பைப் பெற்ற கைகளே பின்னாளில் பார்வையற்றோருக்கும் பொறி செய்தன. நம் பிள்ளைகள் எதையேனும் பிரித்தும் பூட்டியும் பார்க்கும் வேளையில், கடிந்து எழுப்புவதற்கு முன் சற்றே பொறுத்தல் நன்று.